'லாக்ஸ்' என்னும் வார்த்தையின் யோக்கியதை

ஆங்கிலம் படித்த அதிகாரிகளும், பள்ளிக்கூடத் தலைமை உபாத்தியாயர்களும், வக்கீல்களும், பாதிரிமார்களும் மிகத் தாராளமாய் வழங்குகின்ற வார்த்தைகளில் 'லாக்ஸ்' என்பது ஒன்றாகும். குமாஸ்தாவின் வேலையில் குறை கண்டால் அவன் லாக்ஸ். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டால் அங்கே கட்டுப்பாடு லாக்ஸ். ஒரு பெண் தன் இஷ்டப்படி நாலு பேரோடு பேசினால் அவளுடைய ஒழுக்கம் லாக்ஸ். இந்த ஒரு வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில் சொன்னவர் நீதிபதியாகவும், சொல்லப்பட்டவர் குற்றவாளியாகவும் ஆகிவிடுகின்றார்கள். சாட்சியமில்லை, விசாரணையில்லை, எதிர்வாதமுமில்லை. தீர்ப்பு மாத்திரம் உண்டு.

ஒரு அன்னிய பாஷை வார்த்தைக்காக ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கக்கூடும். கத்தி எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதைவிட அது யாருடைய கழுத்தில் வைக்கப்படுகின்றது என்பதுதானே முக்கியம்? அன்றியும், மனிதனை அடக்கியாளுவதற்குச் சட்டமும், சிறையும், நரகமும் எவ்வளவு தூரம் பயன்பட்டனவோ அவ்வளவு தூரம் வார்த்தைகளும் பயன்பட்டு வந்திருக்கின்றன. சிறைக்காவது சுவர் கண்ணுக்குத் தெரியும். வார்த்தைக்குள் இருக்கும் சுவர் தெரிவதில்லை. ஆகவே இந்த வார்த்தையைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

லாக்ஸ் என்பது லத்தீன் பாஷையிலுள்ள 'லாக்ஸஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்ததாகும். லத்தீனில் அதற்குத் தளர்ந்தது, இறுக்கமில்லாதது, இடம் தாராளமாயுள்ளது என்பவைதான் பொருள். நாண் தளர்த்தப்பட்ட வில் லாக்ஸஸ். காலுக்குத் தொளதொளவென்று இருக்கும் செருப்பு லாக்ஸஸ். விட்டுப் பிடித்த குதிரைக் கடிவாளம் லாக்ஸஸ். நெருக்கடி இல்லாத விசாலமான வீடும் லாக்ஸஸ்தான். வில்லுக்கும், செருப்புக்கும், வீட்டுக்கும் பாவமேது, புண்ணியமேது? எய்து முடிந்த வில்லின் நாணைத் தளர்த்தி வைக்காதவனைத்தான் வேடர்கள் மூடன் என்று சொல்லுவார்கள்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் 1400-ஐ ஒட்டி வந்தபோது முதன்முதல் எதற்கு வழங்கியது தெரியுமா? ஒழுக்கத்திற்கல்ல, வயிற்றுக்கு! பேதியாகிற வயிற்றை லாக்ஸ் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இன்றைக்கும் மருந்துக் கடையில் பேதி மருந்துக்கு 'லாக்ஸேட்டிவ்' என்றுதான் பெயர். 1400-ல் இறந்துபோன ஆங்கிலக் கவி சாசர் எழுதிய ஒரு கதையில், கெட்ட கனாக்கண்டு பயந்த சேவலுக்கு அதன் பெட்டைக்கோழி, இது தெய்வ சகுனமுமல்ல ஒன்றுமல்ல, உடம்பில் பித்தம் ஏறியிருக்கிறது, ஒரு பேதி மருந்து சாப்பிடு என்று புத்தி சொல்லுகின்றது. அறுநூறு வருஷத்துக்கு முன் ஒரு கோழிக்கு இருந்த பகுத்தறிவு இன்று கனவுக்குப் பலன் பார்க்கிற பட்டதாரிகளுக்கு இல்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

இந்தச் சொல்லின் குடும்பம் பெரியது. 'ரிலாக்ஸ்' என்பதும், 'ரிலீஸ்' என்பதும் ஒரே லத்தீன் சொல்லின் இரண்டு பிள்ளைகள். ஒன்று புத்தக வழியாகவும் மற்றொன்று பிரெஞ்சுக்காரர் வாய் வழியாகவும் வந்தன. நிலத்தையும் கடையையும் பிறருக்கு அனுபவிக்க விடுகின்ற 'லீஸ்' என்பதும் இந்த வம்சமே. வேடிக்கை என்னவென்றால், நாயின் கழுத்தில் கட்டிப் பிடிக்கின்ற கயிற்றுக்கு ஆங்கிலத்தில் 'லீஷ்' என்று பெயர். அதுவும் அவிழ்த்துவிடுதல் என்னும் அர்த்தமுள்ள இதே சொல்லிலிருந்து பிறந்ததாகும். அதாவது கட்டி வைக்கும் கயிற்றுக்கே அவிழ்ப்பு என்று பெயர்! நாயைக் கேட்டுப் பெயர் வைத்திருந்தால் இந்தப் பெயர் கிடைத்திருக்காது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன்தான் பெயர் வைத்தான். அவனுக்குத் தான் எப்போதாவது அவிழ்த்துவிடுவதுதான் பெரிய சங்கதியாய்த் தோன்றிற்று. இந்த வார்த்தையின் பிற்காலத்துச் சரித்திரம் முழுவதும் இந்த நாய்க்கயிற்றுக்குள் அடங்கியிருக்கின்றது என்று சொல்லலாம்.

நம் நாட்டுக் கோர்ட்டுகளில் நடமாடுகின்றவர்களுக்கு 'லாச்சஸ்' என்ற வார்த்தை தெரிந்திருக்கும். உரிய காலத்தில் வந்து முறையிடாமல் மெத்தனமாயிருந்தான் என்று சொல்லி மனுவைத் தள்ளுவதற்கு இது பயன்படுகின்றது. இதுவும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த லாக்ஸஸ் வம்சந்தான். மனுதாரன் தாமதித்தால் அதற்கு ஒரு லத்தீன் வம்சத்துப் பெயர் இருக்கின்றது. கோர்ட்டு இருபது வருஷம் தாமதித்தால் அதற்கு அப்படி ஒரு பெயர் ஏன் கிடைக்கவில்லை என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க, இங்கே ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டும். லாக்ஸ் என்பதும் 'லூஸ்' என்பதும் காதுக்கு ஒத்திருக்கின்றன. அர்த்தமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே இரண்டும் ஒரே வேர் என்று எவரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. லூஸ் என்பது வட ஐரோப்பாவிலுள்ள ஸ்காண்டிநேவியர் பாஷையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இழத்தல் என்னும் 'லூஸ்', நஷ்டம் என்னும் 'லாஸ்', இல்லாதது என்று காட்டும் 'லெஸ்' ஆகியவை அதன் சொந்தக்காரர்கள். லாக்ஸுக்கு ஆங்கிலத்திலுள்ள நெருங்கிய உறவு 'ஸ்லாக்' என்பதே. ஸ்வீடன் தேசத்தில் லாக்ஸ் என்றால் ஒரு மீனுக்குப் பெயர். அந்த மீனுக்கும் இந்தத் தளர்ச்சிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. சப்தம் ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கொண்டாடுவது பண்டிதர்களுக்கும் புராணிகர்களுக்கும் வெகுகாலப் பழக்கம். எந்தச் சொல், எந்த நூற்றாண்டில், எந்த ஜனங்களின் வாயில், என்ன பொருளில் வழங்கியது என்று எழுத்து மூலமான ஆதாரம் காட்டுவதுதான் அறிவு வழி. நமக்கு அனுகூலமான முடிவாயிருந்தாலும் ஆதாரமில்லாவிட்டால் நாம் ஒப்புக்கொள்ளக்கூடாது.

இனி, விஞ்ஞானிகள் இந்த வார்த்தையை எப்படி வழங்குகிறார்கள் என்று பார்ப்போம். செடி நூல் எழுதுகிறவர்கள், நெருக்கமில்லாமல் விட்டுவிட்டுப் பூக்கும் பூங்கொத்தை லாக்ஸ் என்கிறார்கள். பாஷை நூலார், ஆங்கிலத்தில் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதிலுள்ள உயிரொலியை லாக்ஸ் என்றும், ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்பதிலுள்ளதை இறுக்கமானதென்றும் பிரிக்கிறார்கள். இதனால் கப்பல் ஒழுக்கங்கெட்டது என்றோ, ஆடு உத்தமமானது என்றோ ஒருவரும் சொல்லவில்லை. வைத்திய சாஸ்திரமோ இன்னும் ஒருபடி மேலே போய்த் தளர்ச்சி இல்லாவிட்டால் உயிரே இல்லை என்கின்றது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு முறை இறுகி ஒரு முறை தளர்கின்றது. தளரும்போதுதான் அதற்குள் இரத்தம் வந்து நிரம்புகின்றது. 'எப்போதும் இறுக்கமாயிரு' என்று இருதயத்துக்கு ஒரு ஆச்சாரியார் உபதேசம் செய்து அது கேட்டுக்கொள்ளுமானால் அன்றைக்கே சாவுதான். நம்முடைய தமிழிலும் நெகிழ்ச்சி என்பது ஆடைக்கு வந்தால் ஒன்று, மனதுக்கு வந்தால் ஒன்று. மனம் நெகிழ்ந்தவனை நாம் பாராட்டுகின்றோமேயொழிய வைவதில்லை.

அப்படியானால் இந்தச் சாதுவான சொல்லுக்குள் வசவு எப்போது ஏறியது? கட்டுகிறவன் ஒருவன், கட்டப்படுகிறவன் ஒருவன் என்று இரண்டு பேர் ஏற்பட்ட இடத்தில்தான் ஏறியது. இதற்கு மிகத் தெளிவான அத்தாட்சி லூஸ் என்னும் சொல்லின் தூரத்து உறவினரிடம் இருக்கின்றது. அதன் ஆதி வேரிலிருந்தே லத்தீனில் அவிழ்த்தல் என்னும் பொருளுள்ள 'ஸால்வெரெ' என்ற சொல் பிறந்தது. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு வார்த்தைகள் வந்தன. ஒன்று 'அப்ஸொல்யூட்', மற்றொன்று 'டிஸ்ஸொல்யூட்'. இரண்டுக்கும் தாது ஒன்றுதான். கட்டவிழ்ந்தது என்பதுதான் கருத்து. ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்படாத அரசனுக்கு அப்ஸொல்யூட் என்று பெயர். அது பெருமை, அதிகாரம், பரம்பொருளுக்குக்கூட அந்தப் பட்டத்தைச் சூட்டுகிறார்கள். சாதாரண மனிதன் கட்டவிழ்ந்தால் அவனுக்கு டிஸ்ஸொல்யூட் என்று பெயர். அதாவது தூர்த்தன், ஒழுக்கங்கெட்டவன். ரோமாபுரிச் சட்ட நிபுணன் அல்பியன் என்பவன், சக்கரவர்த்தி சட்டங்களின் கட்டிலிருந்து அவிழ்க்கப்பட்டவன் என்று எழுதி வைத்தான். 533-ல் ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டு, ஐரோப்பிய ராஜாக்கள் ஆயிரம் வருஷத்துக்குமேல் அதைக் காட்டிப் பிழைத்தார்கள். மேலே இருப்பவன் கட்டவிழ்ந்தால் மகிமை, கீழே இருப்பவன் கட்டவிழ்ந்தால் கேடு என்பது சொல்லின் குணமல்ல. சொல்லை வைத்திருந்தவர்களின் குணம்.

மதத் துறையில் இந்தச் சொல் பட்டபாடு இதைவிடப் பெரிது. 17-ம் நூற்றாண்டில் ரோமன் கத்தோலிக்கச் சபையில், பாவமன்னிப்புக் கேட்டு வருகிறவனை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. ஏசுசபைப் பாதிரிகளில் சிலர், ஒரு காரியம் பாவமல்ல என்று சொல்ல ஏதாவது சிறிது நியாயமிருந்தாலும் அனுமதித்துவிடலாம் என்றார்கள். இவர்களுடைய கொள்கைக்கு எதிரிகள் வைத்த பெயர் 'லாக்ஸிஸம்' என்பது. பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் 1656-லும் 1657-லும் இவர்களைக் கிண்டல் செய்து கடிதங்கள் எழுதினார். 1679-ல் பதினோராவது இன்னொசென்ட் போப் 65 கொள்கைகளைத் தப்பென்று கண்டித்தார். இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது நமக்கு முக்கியமல்ல. இறுக்கிக் கட்டு என்றவர்களும், கொஞ்சம் தளர்த்திக் கட்டு என்றவர்களும் இருந்தார்களே தவிர, கட்டுவதற்கு உனக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவருமில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது.

இதே சபைதான் இந்த வார்த்தையை மற்றொரு இடத்திலும் வழங்கிற்று. மத விசாரணைச் சபை என்று ஒன்று ஸ்பெயின் தேசத்தில் 1478-ல் ஏற்பட்டு 1834 வரையில் இருந்தது. மத விரோதம் செய்தவனாக முடிவு கட்டப்பட்டவனைப் பாதிரிகள் தங்கள் கையால் கொல்லமாட்டார்கள். சபை இரத்தம் சிந்தக் கூடாதல்லவா! ஆகவே அவனை அரசாங்கத்தாரிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் அவனைக் கம்பத்தில் கட்டி எரிப்பார்கள். இந்த ஒப்படைப்புக்கு அந்தப் புண்ணியவான்கள் தங்கள் தஸ்தாவேஜில் எழுதி வைத்த வார்த்தை என்ன தெரியுமா? 'ரிலாக்ஸ்' செய்யப்பட்டான் என்பதுதான்! ஒப்படைக்கும்போது, தயவு காட்டுங்கள் என்று ஒரு வேண்டுகோளும் சம்பிரதாயமாய்ச் செய்துவிடுவார்கள். ஓடிப்போனவன் கிடைக்காவிட்டால் அவனைப்போல ஒரு பொம்மை செய்து அதை ரிலாக்ஸ் செய்து எரிப்பார்கள். செத்தவனாயிருந்தால் எலும்பைத் தோண்டி எரிப்பார்கள். போர்ச்சுகீசியரின் இதே விசாரணைச் சபை நம் பக்கத்திலுள்ள கோவாவில் 1560-ல் ஏற்பட்டு 1812-ல்தான் ஒழிந்தது; அங்கேயும் இதே வார்த்தைதான், இதே நெருப்புத்தான். இன்று நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு 'ரிலாக்ஸ்' என்று சொல்லுகிறவர்கள், இந்த வார்த்தையைக் கேட்டு நடுங்கி அழுத தாய்மார்கள் இருந்தார்கள் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். கொலைக்குத் தளர்த்துதல் என்று பெயர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு வேறு எதற்கு என்ன பெயர்தான் வைக்கத் தெரியாது?

இனி, இந்தச் சொற்களால் மற்றெல்லோரைக் காட்டிலும் அதிகமாய் அடிபட்டவர்களைப் பற்றிச் சொல்லுவோம். அவர்கள் பெண்கள். லூஸான பெண், லாக்ஸான நடத்தை என்கிற பேச்சுக்கள் ஆங்கிலத்தில் பல நூறு வருஷங்களாய் வழங்கி வருகின்றன. ஒரு ஆண் நாலு இடத்துக்குப் போய்வந்தால் வாலிப விளையாட்டு. பெண் ஜன்னலில் நின்றால் நடத்தை லாக்ஸ். இது வெறும் வீட்டுத் திண்ணைப் பேச்சாக நிற்கவில்லை, சட்டமாகவே வந்தது. இங்கிலாந்தில் 1864, 1866, 1869 ஆகிய வருஷங்களில் தொத்துவியாதிச் சட்டங்கள் என்று மூன்று சட்டங்கள் செய்தார்கள். பட்டாளமும் கப்பல்படையும் தங்கும் ஊர்களில், ஒரு பெண்ணை விபசாரி என்று போலீஸ்காரன் சந்தேகப்பட்டால் போதும், அவளைப் பிடித்துப்போய் உடம்பைப் பரிசோதிக்கலாம், மறுத்தால் ஜெயில், நோயிருந்தால் ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்கலாம். நோயைக் கொடுத்த சிப்பாய்க்கு இந்தச் சட்டத்தில் பரிசோதனை உண்டா? கிடையாது. இது என்ன நியாயம் என்று கேள்வி வந்தபோது, 1871-ல் கூடிய ராயல் கமிஷன், பெண்ணுக்கு இது வருமானத்துக்கான தொழில், ஆணுக்கோ இயற்கையான ஆசையின் ஒழுங்கு தவறிய காரியம், இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று அபிப்பிராயம் கொடுத்தது. பசிக்காகச் செய்தவள் குற்றவாளி, ருசிக்காகச் செய்தவன் இயற்கையின் பிள்ளை!

ஜோஸபைன் பட்லர் என்னும் அம்மையார் 1869 முதல் ஊர் ஊராய்ப் போய், கல்லடியும் வசையும் பட்டு, இந்தச் சட்டங்களை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். அவரையே லூஸான பெண்களின் தோழி என்று ஏசினார்கள். 1886-ல் சட்டங்கள் ரத்தாயின. இந்தியாவிலும் 1868-ல் இதே மாதிரி சட்டம் போட்டு 1888-ல்தான் எடுத்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடக்கூடாது. அயர்லாந்து தேசத்தில் கன்னிகாஸ்திரீகள் நடத்திய 'மக்தலேன்' சலவைச்சாலைகள் என்று சில இடங்கள் இருந்தன. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள், தாய்தகப்பன் இல்லாதவள், கோர்ட்டார் அனுப்பியவள், கெட்டுப்போய்விடுவாள் என்று பாதிரியோ குடும்பத்தாரோ பயந்தவள் ஆகியோரையெல்லாம் அங்கே அடைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். கெட்டுப்போனவள்கூட அல்ல, கெட்டுப்போகக்கூடும் என்று பிறர் நினைத்தவள்! அரசாங்க விசாரணையின் கணக்குப்படி 1922 முதல் 1996 வரையில் அங்கே சென்ற பெண்கள் ஏறக்குறைய 10,000 பேர். 1993-ல் டப்ளின் நகரில் ஒரு கன்னிகாஸ்திரீ மடத்தார் தங்கள் நிலத்தை விற்றபோது, அதிலிருந்து 155 பெண்களின் பிரேதங்களைத் தோண்டியெடுத்து வேறு மயானத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தது. 2013-ம் வருஷத்தில்தான் அந்தத் தேசத்துப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இந்தப் பெண்களுடைய ஒழுக்கத்தில் தளர்ச்சி இருந்ததா இல்லையா என்று நாம் விசாரிக்க வரவில்லை. ஒருத்தியின் ஆயுசை வாங்குவதற்கு ஒரு பெயரடைச்சொல் போதுமானதாயிருந்தது என்பதைத்தான் காட்ட வந்தோம்.

பெண்களுக்கு நேர்ந்தது ஏழைகளுக்கும் நேர்ந்தது. வியாபாரிகளுடைய காரியத்தில் சர்க்கார் தலையிடாமல் விட்டுவிட வேண்டும் என்னும் கொள்கைக்கு 'லேஸே ஃபேர்' என்று பிரெஞ்சுப் பெயர். இதிலுள்ள முதற் சொல்லும் நமது லாக்ஸஸ் வம்சந்தான். 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாய்க் கொடுத்தார். சாவு மிகச் சொற்பம். இதற்காக அவருக்குக் கிடைத்தது புகழல்ல. கணக்கில்லாமல் செலவழித்துவிட்டார் என்ற கண்டனந்தான். அந்தக் கண்டனம் நன்றாய் வேலை செய்தது. 1877-ல் அதே டெம்பிளை வைசிராய் லிட்டன் பிரபு சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரணத்தைச் சிக்கனப்படுத்த அனுப்பியபோது, வேலை செய்கின்ற ஒரு ஆண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று குறைத்துவிட்டார். இது உயிர் தாங்காது என்று சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்துத்தான் அளவை உயர்த்தினார்கள். அந்த 1876-78 பஞ்சத்தில் இந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது கணக்கு. அதே காலத்தில் கோதுமை கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. தானிய வியாபாரியின் கட்டை அவிழ்த்துவிட்டால் அது பொருளாதார சாஸ்திரம். பசித்தவனுக்குக் கொடுக்கிற கஞ்சியில் கை கொஞ்சம் தளர்ந்தால் அது ஒழுங்கீனம். ஒரே தளர்ச்சிக்கு இரண்டு விலை!

இவ்வளவும் சொன்னதால், தளர்ச்சி என்பதே கிடையாது, மெத்தனம் என்பதே குற்றமல்ல என்று நாம் சொல்லுவதாக எவரும் அர்த்தம் செய்யக்கூடாது. உண்மையான தளர்ச்சிக்கும் ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஸ்காட்லாந்தில் டே நதியின்மேல் தாமஸ் பௌச் என்னும் என்ஜினீயர் கட்டிய பெரிய ரயில் பாலம் 1878-ல் திறக்கப்பட்டது. இரும்புத் தூண்களைப் பிணைத்த கட்டுக் கம்பிகளின் மூட்டுக்கள் கழன்று ஆடி ஓசை செய்வதை அதைப் பார்த்துக்கொண்டவர் கண்டார், இடுக்கில் இரும்புத் துண்டுகளைச் செருகி வைத்தார், மூலகாரணத்தைச் சரிசெய்யவில்லை. 1879 டிசம்பர் 28-ந் தேதி இராத்திரி புயற்காற்றில் பாலம் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாலத்தின் திட்டமும், கட்டுமானமும், பராமரிப்பும் எல்லாமே மோசம் என்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. இது தளர்ச்சி, இது குற்றம். ஏனெனில் இங்கே கழன்றது எது என்று கையால் தொட்டுக் காட்டலாம், அதனால் செத்தவர்கள் யார் என்று எண்ணிக் காட்டலாம், பொறுப்பாளி யார் என்று விரலால் சுட்டிக் காட்டலாம். ஆனால் பெண்ணின் சிரிப்பில் தளர்ச்சி கண்டுபிடிக்கிற நிபுணர்களைக் கேட்டால், எதிலே கழன்றது, யாருக்கு அடிபட்டது என்பதற்குப் பதில் இராது. பெரியோர் சொன்னார்கள், ஊர் சிரிக்கும், வேதத்தில் இருக்கிறது என்பார்கள். இவை பதிலாகுமா?

நம்மவர்களும் இந்தக் காரியத்தில் சளைத்தவர்களல்ல. மூளை சரியில்லாதவனை ஆங்கிலத்தில் ஸ்குரூ லூஸானவன் என்று பரிகாசம் செய்வதுண்டு. தமிழில் ஸ்குரூவையும் காணோம். 'லூசு' என்னும் வசை மாத்திரம் சிறு பிள்ளைகள் வாய்வரையில் வந்துவிட்டது. மனநோய் கண்ட ஒரு மனிதனுக்கு வேண்டியது வைத்தியமும் ஆதரவும். நாம் கொடுப்பது ஒரு பட்டம். அதோடு நின்றதா? சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்கிற பையன் லூசு. புருஷன் அடித்தால் ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்கிற பெண் லூசு. சாமிக்குக் கொட்டுகிற பாலைக் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன என்கிற கிழவர் லூசு. இவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்லச் சரக்கில்லாதவர்களுக்கு இந்த இரண்டெழுத்து எவ்வளவு சௌகரியமாயிருக்கிறது பாருங்கள்! உண்மையில் இங்கே கழன்றிருப்பது அவர்களுடைய மூளையிலுள்ள ஆணியல்ல; அவர்கள் கழுத்தில் மற்றவர்கள் கட்டிய கயிறு. கயிறு கழன்றால் கட்டியவனுக்குக் கோபம் வருவது இயற்கைதான். அந்தக் கோபத்தை நாமும் வாங்கி நம் பிள்ளைகள்மேல் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் நமது கேள்வி.

ஆகவே தோழர்களே, இனி எவராவது உங்களையோ, உங்கள் மகளையோ, உங்கள் சங்கத்தையோ, உங்கள் வகுப்பையோ லாக்ஸ் என்றோ, லூஸ் என்றோ, கட்டுப்பாடு கெட்டது என்றோ சொன்னால் உடனே தலை குனிந்துவிட வேண்டாம். உடனே சண்டைக்குப் போகவும் வேண்டாம். நிதானமாய், எந்தக் கட்டு தளர்ந்தது, அதை முதலில் கட்டியது யார், யாருடைய நன்மைக்காகக் கட்டினார்கள், தளர்ந்ததால் எந்த மனிதனுக்கு என்ன கெடுதி வந்தது என்று கேளுங்கள். பாலத்தின் ஆணியைப் போல ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று காட்டினால் அன்றைக்கே முடுக்கிவிடுங்கள், அதில் வெட்கமில்லை. அப்படிக் காட்ட முடியாமல், பழக்கம், சாஸ்திரம், மானம் என்று மழுப்பினால், அந்தக் கட்டு இன்னும் கொஞ்சம் தளருவதற்கு உங்களால் ஆனதைச் செய்யுங்கள். வார்த்தை செய்தவனும் மனிதன்தான்; அதைக் கேட்டு நடுங்குகிறவனும் மனிதன்தான். முன்னவன் வாயைக் கட்ட நம்மால் முடியாமலிருக்கலாம். பின்னவன் நடுங்காமலிருப்பது முழுவதும் அவன் கையிலேயே இருக்கின்றது.